டைனமோவில் பதிந்த குரல்: ஒரு பழைய ரேப் ரெக்கோடரும் ஒரு கசற்றும் திருத்திய நிகழ்வு

கொஞ்சக் காலமாக எங்கள் கடைக்குப் பழைய ரேப் ரெக்கோடர்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. கிளிநொச்சியில் ரேடியோ, ரி.வி., அம்ப் திருத்துகிற சின்னக் கடைதான் எங்களுடையது. பத்து வருடத்துக்கு முன் இந்தப் பெட்டிகளைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். இப்போது அவை மவுசுப் பொருளாகிவிட்டன. இரண்டு ஸ்பீக்கர், வெள்ளி நிற முகப்பு, நீள அன்ரனாவோடு 80களில் வந்த பெட்டி என்றால் வெளிநாட்டுப் பிள்ளைகள் வீட்டு வரவேற்பறையில் வைக்க ஆசைப்படுகிறார்கள், இங்கே இருக்கும் உறவினர்களிடம் "பரணில் கிடக்குதா பாருங்கோ" என்று கேட்கிறார்கள். அப்படி வந்த ஒரு பெட்டியின் கதையை முழுதாக எழுதி வைக்கிறேன். திருத்துகிறவர்களுக்கும், வீட்டில் இப்படி ஒன்றை வைத்திருப்பவர்களுக்கும் உதவும். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன், பெயரும் ஊரும் சொல்லப்போவதில்லை.

பின்னணி

பரந்தன் முல்லைத்தீவு வீதியோரம், தருமபுரத்துக்குக் கிட்ட உள்ள குடும்பம். தகப்பனாருக்கு வயலும் ஒரு சைக்கிள் கடையும் இருந்தன. 80களின் நடுவில் சவூதியில் சில வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வரும்போது இந்தப் பெட்டியைக் கொண்டுவந்திருக்கிறார். ஜப்பான் தயாரிப்பு. பிள்ளைகள் மூன்று பேர்: மூத்தவ அக்கா, நடுவில் தம்பி, கடைசி தங்கச்சி. இப்போது அக்காவும் தம்பியும் இங்கே, தங்கச்சி கனடாவில்.

அந்தப் பெட்டி வந்த நாளில் இருந்து அயலில் ஒரு மதிப்பு வந்துவிட்டது என்று அக்கா சொன்னா. கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு என்றால் இரவல் கேட்டு வருவார்கள், தகப்பனார் பெட்டியை மட்டும் கொடுக்கமாட்டார், தானும் கூடவே போவார். தாயார் அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தா. சத்தம் கூட்டிக் குறைக்கிற குமிழைப் பிள்ளைகள் தொடக்கூடாது. கசற்றைப் போட்டு மூடியைத் தட்டினால் மெல்ல இறங்கி மூடும், அதைப் பார்க்கவே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து நிற்பார்களாம்.

1990இல் சண்டை மறுபடி தொடங்கியபின் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், சீமெந்து போல பற்றரியும் தடைப்பட்ட சாமான். வன்னியில் கரண்ட் இல்லை. பெரிய பற்றரி நாலு போட்டு ஓடுகிற பெட்டி, அதாவது 6 வோல்ட். இருந்த பற்றரிகளை வெயிலில் காயவைத்துக் காயவைத்துப் பாவித்தார்கள், அதுவும் முடிந்ததும் தகப்பனார் சைக்கிள் டைனமோவுக்கு மாறினார். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துவிட்டு பெடலைக் கையால் சுற்றுவது. அந்தக் காலத்தில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் செய்தி கேட்டார்கள். இரவு ஒன்பதே காலுக்கு பி.பி.சி. தமிழோசை, அதோடு பிலிப்பைன்சில் இருந்து வந்த வெரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பும். பெடல் சுற்றுகிற வேலை இந்த வீட்டில் தம்பிக்கு.

சைக்கிள் கடைக்காரர் என்பதால் தகப்பனார் அதைக் கவனமாகச் செய்திருக்கிறார். டைனமோ தருவது மாறுமின்னோட்டம், பெட்டிக்கு வேண்டியது நேர்மின்னோட்டம். அதை மாற்ற நாலு டயோட்டும் ஒரு பெரிய கண்டென்சரும் போட்டு, பழைய சைக்கிள் ரியூப்பைக் கிழித்துச் சுற்றி, பற்றரி அறைக்குப் பக்கத்தில் பெட்டியின் முதுகில் ஒரு துளை போட்டு வயரை வெளியே எடுத்திருக்கிறார். முன்லைட் பல்ப்பையும் கழற்றாமல் கூடவே எரியவிட்டிருக்கிறார். டைனமோவில் சுமை குறைவாக இருந்து வேகமாகச் சுற்றினால் வோல்ட் ஆறைத் தாண்டி எங்கேயோ போய்விடும், பல்ப் எரிந்தால் அது அடங்கி நிற்கும். யாராவது சொல்லிக் கொடுத்தார்களா, தானே கண்டுபிடித்தாரா என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

தகப்பனார் 90களின் கடைசியில் நோயில் காலமானார். 2009 ஜனவரியில் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது பெட்டியைப் பொலித்தீனால் சுற்றி, உரப்பையில் போட்டு, பங்கருக்குள் வைத்து மண்ணால் மூடிவிட்டுப் போனார்கள். ஒரேயொரு கசற்றை மட்டும் தாயார் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டா. அது மாத்தளன் போய், வவுனியாவில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் வரை அவவோடு போய்த் திரும்பி வந்தது. மீள்குடியேறியபின் பெட்டியையும் தோண்டி எடுத்தார்கள். பிறகு அது பரணில்தான் இருந்தது. கரண்ட் வந்த காலத்தில் தம்பி ஒருக்கால் செருகிப் பார்க்க வெளிக்கிட்டிருக்கிறார், அக்கா தொடவே விடவில்லை. அது எவ்வளவு நல்ல காரியம் என்று பெட்டியைத் திறந்தபோதுதான் விளங்கியது.

கொண்டு வந்தபோது இருந்த நிலை

தாயாரும் காலமானபின், தங்கச்சியின் மகள் கனடாவில் இருந்து வீடியோ அழைப்பில் பரணைப் பார்த்துவிட்டு இந்தப் பெட்டி தனக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறா. அப்படித்தான் தம்பி, அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவது, பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தார். அக்காவும் கூட வந்தா.

வெளியே பார்க்கப் பரவாயில்லை. அன்ரனா முறிந்திருந்தது, முகப்பில் கீறல்கள். உள்ளே சட்டகம் துருப்பிடித்திருந்தது. வலப்பக்க ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பைக் கறையான் முழுதாகத் தின்றிருந்தது, இடப்பக்கத்தில் ஓர் ஓரம் போயிருந்தது. ரப்பர் பெல்ட்டுகள் உருகித் தார் மாதிரி ஒட்டியிருந்தன. நாற்பது வருடப் பெட்டியில் இது வழமை, விரல் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது. பற்றரி அறை மட்டும் ஆச்சரியப்படும் அளவுக்குச் சுத்தம், ஏனென்றால் அதில் பல வருடமாகப் பற்றரியே போடவில்லை. தடையால் வந்த ஒரே நன்மை அதுவாகத்தான் இருக்கும். பற்றரி கசிந்து தகட்டையும் சேர்க்கிட்டையும் தின்ற பெட்டிகளே எங்களிடம் கூடுதலாக வரும்.

பின்சுவரின் துளையும் ரியூப் சுற்றிய டயோட்டுகளும் அப்படியே இருந்தன.

யார் என்ன கேட்டார்கள்

பெட்டியைத் திருத்தித் தரச் சொன்னார்கள் என்று ஒரு வரியில் எழுதி வேலையைத் தொடங்கியிருக்கலாம். ஆனால் கதைக்கக் கதைக்க, ஒரே பெட்டியை வைத்து ஆளுக்கொன்று கேட்பது தெரிந்தது.

கனடாப் பிள்ளைக்கு வேண்டியது அழகு. முகப்பு பளபளக்க வேண்டும், பின்துளையை அடைக்க வேண்டும், உள்ளே புளூடூத் வைத்தால் போனில் இருந்து பாட்டுப் போடலாம். அதில் பிழை ஒன்றும் இல்லை. அவ பிறக்கும்போதே கசற் காலம் முடிந்துவிட்டது, அந்தத் தலைமுறைக்கு இந்த உருவத்தின் மேல் வந்திருக்கும் ஆசையால்தான் இந்தப் பெட்டிகள் பழைய இரும்புக்குப் போகாமல் தப்புகின்றன. அண்ணைக்கு ரேடியோ வேலை செய்ய வேண்டும், முக்கியமாக சிற்றலை. தமிழோசை வானொலி 2017இலேயே நின்றுவிட்டது என்று அவருக்கும் தெரியும், இருந்தாலும் அந்த முள்ளைத் திருப்பி இரைச்சலுக்குள் ஏதாவது பிடிக்க வேண்டும். அக்கா கடைசிவரைக்கும் பேசாமல் இருந்துவிட்டு, தோள்பையில் இருந்து கசற்றை எடுத்து மேசையில் வைத்தா. "எனக்கு இது காணும் தம்பி. இதில அப்பா இருக்கிறார்."

1995இல் தகப்பனார் ஜேர்மனியில் இருந்த தன் தம்பிக்குப் பேசி அனுப்பவென்று பதிந்த கசற் அது. கடிதத்துக்குப் பதிலாகக் கசற்றில் பேசி அனுப்புவது அப்போது வெளிநாட்டில் ஆட்கள் இருந்த வீடுகளில் வழக்கம். கொண்டுபோகத் தோதான ஆள் கிடைக்காமல் இது வீட்டிலேயே நின்றுவிட்டது. அவருடைய குரல் வேறெங்கும் இல்லை.

முதல் முடிவு: பெட்டியை விட்டுவிட்டு கசற்

பெட்டியைத் திருத்தி, அதே பெட்டியில் அந்தக் கசற்றைப் போட்டுக் கேட்க வேண்டும் என்பதுதான் அண்ணையின் ஆசை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் மறுத்தேன். புதிதாகத் திருத்திய பெட்டி ஒன்று நாடாவை இழுத்துச் சிக்கவைக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பெட்டி பழுதானால் இன்னொரு பெட்டி தேடலாம். ஆகவே கசற்றை வேறொரு நல்ல டெக்கில் ஓட்டிக் கணினியில் ஏற்றிய பின்னர்தான் பெட்டியில் கைவைப்பது என்று முடிவெடுத்தோம்.

கசற்றில் முதலில் செய்தது மேல்விளிம்பில் இருந்த கடதாசித் துண்டுகளை எடுத்தது. அது முதலில் பக்திப் பாட்டுக் கசற். அப்படியானவற்றில் அழிபடாமல் இருக்க விளிம்பில் இரண்டு குழி விட்டிருப்பார்கள், மேலே பதிய வேண்டுமென்றால் அந்தக் குழியைக் கடதாசியால் அடைப்பது வழக்கம். அடைத்தபடியே ஓட்டினால் கை தவறி ரெக்கோட் அழுத்துப்பட்டு குரல் அழிந்துபோகலாம்.

கூடு வெயிலில் நெளிந்திருந்தது. நாடாவை, அதைப் படிக்கிற ஹெட்டோடு அழுத்துகிற சின்ன பஞ்சுத் துண்டு கழன்று உள்ளே கிடந்தது. நாடா மட்டும் நன்றாக இருந்தது, பூஞ்சணமும் இல்லை. அறுபது நிமிடக் கசற் என்பதும் எங்கள் அதிர்ஷ்டம், தொண்ணூறு நிமிட நாடா இதைவிட மெல்லியது. நாடாச் சுருள் இரண்டையும் எடுத்து, திருகாணி போட்ட புதிய கூட்டுக்குள் மாற்றினோம். டெக்கின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, வேறு கசற் ஒன்றைப் போட்டுச் சோதித்து, இதை முழுதாக ஒருக்கால் முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, பிறகு ஓடவிட்டோம். சுருக்காத வேவ் கோப்பாக, 24 பிட்டில், இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் ஏற்றினோம். இடையில் நிறுத்தவில்லை, இரைச்சலைக் குறைக்கவும் இல்லை.

"இது அப்பா இல்லை"

ஏற்றியதைக் கேட்க அக்காவும் அண்ணையும் வந்திருந்தார்கள், தங்கச்சி போனில். குரல் தெளிவாகவே வந்தது. ஜேர்மனித் தம்பியைச் சுகம் விசாரிக்கிறார், வயல் விளைந்ததைச் சொல்கிறார், மண்ணெண்ணெய் விலை சொல்கிறார். தங்கச்சி தேவாரம் பாடுகிறா. அக்கா சித்தப்பாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வெட்கப்பட்டு நிற்கிறா.

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அக்கா தலையை ஆட்டினா. "இது அப்பா இல்லைத் தம்பி. அப்பாக்குக் கட்டைக் குரல்." தங்கச்சியும் அப்படித்தான் சொன்னா. குரல் மெல்லிதாக, அவசரப்படுகிற மாதிரி இருந்தது. இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தது கடைசியில் பிழையான ஆளின் குரலோ என்று அவவின் முகத்தில் இருந்ததைப் பார்க்க எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

அண்ணைதான் விடையைச் சொன்னார், விடை என்று தெரியாமலே. அதில் உங்கட குரல் எங்கே என்று கேட்டேன். "நான் அதில கதைக்கேல்ல. எல்லாரும் கதைக்க நான்தான் பெடலைச் சுத்திக்கொண்டு இருந்தனான்."

1963இல் பிலிப்ஸ் கசற்றை வெளியிட்டதில் இருந்து உலகம் முழுக்க அதன் வேகம் ஒன்றுதான், வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர். பெட்டிக்குள் இருக்கும் மோட்டருக்கு வோல்ட் போதாவிட்டால் நாடா அதைவிட மெதுவாக ஓடும். மெதுவாக ஓடும்போது பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் குரல் வேகமாகவும் மேலே ஏறியும் கேட்கும். பதின்மூன்று வயதுப் பையன் கையால் சுற்றிய டைனமோவில் அந்த மோட்டர் ஓடியிருக்கிறது. அந்த வீட்டில் அதே பெட்டியில் அதே டைனமோவில் கேட்டபோது ஏறக்குறையச் சரியாகக் கேட்டிருக்கும். எங்களுடைய நல்ல டெக்கில் போட்டதால்தான் குரல் மாறியது. திருப்பி ஓடவிட்டு கூர்ந்து கேட்டால் பின்னால் சங்கிலிச் சத்தமும் இருந்தது.

வேகத்தைக் கண்டுபிடித்தது

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதற்கு அளவுகோல் வேண்டும். குரலை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆளுக்கு ஆள் ஒன்று சொல்வார்கள். இரண்டாம் பக்கத்தில் ரேடியோவில் இருந்து பிடித்த ஒரு பாட்டு முழுதாக இருந்தது, அதுவும் டைனமோவில் பதிந்தது. அந்தப் பாட்டின் நல்ல பிரதியை எடுத்துப் பார்த்தால் 4 நிமிடம் 20 வினாடி, கசற்றில் இருந்தது 3 நிமிடம் 55 வினாடி. அப்படியென்றால் நாடா நூற்றுக்குத் தொண்ணூறு வேகத்தில்தான் ஓடியிருக்கிறது. இது சின்ன வித்தியாசம் இல்லை, ச-வில் பாடியது ஏறக்குறைய ரி-யில் கேட்கும்.

ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேகத்தை மாற்ற வழி உண்டு. பேச்சு வேறு நாள் பதிந்ததாக இருக்கலாம் என்பதால் பாட்டின் கணக்கை ஒரு தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் சில துண்டுகள் செய்து, எது எது என்று சொல்லாமல் அக்காவிடமும் தங்கச்சியிடமும் தனித்தனியே போட்டுக் காட்டினோம். இரண்டு பேரும் தெரிந்தெடுத்தது ஒரே துண்டை. பாட்டின் கணக்குக்கு மிகக் கிட்ட. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, இன்னொருக்கால் போடச் சொல்லிக் கையால் காட்டினா.

அப்போதும் குரல் முழுக்க ஒரே சீராக இல்லை. இடையிடையே மேலே ஏறி இறங்கியது. ஓரிடத்தில் நன்றாக ஏற, தகப்பனார் பேச்சை நிறுத்தி "கொஞ்சம் இழுத்துச் சுத்தடா" என்கிறார், குரல் பழையபடி இறங்குகிறது. பையனின் கை களைத்த இடம் அது. பகுதி பகுதியாகப் பிரித்து இதையும் சமப்படுத்தலாம். தங்கச்சி அதைத்தான் கேட்டா, தன் பிள்ளைகளுக்குக் கேட்கக் கொடுக்க குரல் சீராக இருக்க வேண்டும் என்றா. அண்ணை முதல்முறையாக இறுக்கமாகப் பேசினார்: "அதை எடுத்தால் நான் அதில இல்லை."

அவர் சொன்னது அப்படியே உண்மை. மூன்று பிள்ளைகளில் இரண்டு பேரின் குரல் அந்த நாடாவில் இருக்கிறது, மற்றவர் இருப்பது அதன் வேகத்தில். சமப்படுத்துவது என் தொழிலில் சரியான வேலை, பத்தில் ஒன்பது கசற்றில் செய்திருப்பேன். இதில் செய்யக் கூடாது என்று நினைத்தேன், தங்கச்சிக்கும் அதைச் சொன்னேன். கடைசியில் மூன்று கோப்புகள் செய்தோம்: கைபடாத மூலம், மொத்த வேகத்தை மட்டும் சரிசெய்து ஏற்ற இறக்கத்தை விட்டுவைத்தது, தங்கச்சிக்காகச் சமப்படுத்தியது. மூன்றிலும் எது என்ன என்று கோப்பின் பெயரிலேயே எழுதினோம்.

பெட்டி

இந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். பெல்ட்டுத் தாரை அற்ககோலால் துடைத்தெடுத்து, கொழும்பு புறக்கோட்டையில் இருந்து எடுப்பித்த பெல்ட்டுகளைப் போட்டோம். பவர் பகுதியின் கண்டென்சர்களை மாற்றினோம். முதல் முறை கரண்ட் கொடுத்தது 60 வாற் சீரியல் பல்ப் ஒன்றின் ஊடாக, பழைய பெட்டியை நேரே சுவரில் செருகக் கூடாது, உள்ளே ஷோர்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும். பல்ப் எரிந்தது. கண்டென்சர்களை மாற்றியும் மின்மாற்றிக்குப் பின்னால் இன்னொரு டயோட் ஷோர்ட். அக்கா அன்றைக்குத் தடுத்திராவிட்டால் மின்மாற்றியே கருகியிருக்கும். வலப்பக்க ஸ்பீக்கர் வேறு உடைந்த பெட்டியில் இருந்து வந்தது, இடப்பக்கத்தை மெல்லிய கடதாசியும் பசையும் போட்டுக் காப்பாற்றினோம். சிற்றலை வேலை செய்கிறது.

பின்துளையை அடைக்கவில்லை. ஜப்பானில் செய்த அந்தப் பெட்டியில் வன்னியில் செய்த பகுதி அது ஒன்றுதான். தகப்பனாரின் டயோட்டுகளைத் தொடர்பு அறுத்து, ரியூப் சுற்றோடு இருந்த இடத்திலேயே விட்டோம், தெரியாமல் யாராவது அந்த வயரில் எதையாவது கொழுவினாலும் பெட்டிக்குப் பழுது வராது. புளூடூத்தும் உள்ளே வைக்கவில்லை. பெட்டியின் பின்னால், வெளியில் இருந்து சத்தம் கொடுக்கிற செருகுதுளை (லைன் இன்) ஏற்கெனவே இருந்தது, அதில் கொழுவுகிற சின்னப் புளூடூத் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம்.

பிறகு நடந்தது

பெட்டி கனடாவுக்குப் போகவில்லை. பிள்ளைக்கு அது மனவருத்தம்தான், தங்கச்சிக்கும் கொஞ்சக் காலம் அக்காவோடு கோபம் இருந்தது. துளையின் கதையும் பெடலின் கதையும் தெரியாமல்தான் அந்தப் பிள்ளை கேட்டது, யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அக்கா போனில் அதையெல்லாம் சொல்லியிருக்கிறா. பிள்ளை இப்போது அங்கே பழைய உருவத்தில் வருகிற புதிய ரேடியோ ஒன்றை வாங்கி வைத்திருக்கிறா, விடுமுறையில் இங்கே வந்தால் பெட்டியைத் தானே துடைத்துப் பளபளப்பாக்குவதாகச் சொல்லியிருக்கிறா.

ஜேர்மனிச் சித்தப்பாவுக்கு இப்போது எழுபதுக்கு மேல். அவருக்கு இரண்டாவது கோப்பை அனுப்பினார்கள். தனக்கு வர வேண்டிய கடிதம் வந்துவிட்டது என்று திருப்பிக் குரல் செய்தி போட்டாராம்.

தங்கச்சி கேட்பதும் இரண்டாவது கோப்பைத்தான் என்று அண்ணை சொன்னார்.

இனி எப்படிச் செய்கிறோம்

இப்போது எங்கள் கடையில் பழைய பெட்டி வந்தால் திறப்பதற்கு முன் கேட்கும் முதல் கேள்வி, வீட்டில் ஆட்கள் பேசிப் பதிந்த கசற் இருக்கிறதா என்பது. இருந்தால் அது முன்னுக்கு. அடுத்தது, அது எந்தக் காலத்தில் பதிந்தது, கரண்டிலா பற்றரியிலா டைனமோவிலா என்று கேட்டு எழுதுகிறோம். 1990க்கும் 2002க்கும் இடையில் வன்னியில் பதிந்தது என்றால் வேகம் பிழையாக இருக்கும் என்று எதிர்பார்த்தே தொடங்குகிறோம், குடும்பத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். அக்கா அன்றைக்குப் பட்ட பாட்டை இன்னொருவர் படத் தேவையில்லை. அதே கசற்றில் ரேடியோப் பாட்டு ஏதாவது இருந்தால் அழிக்கவே வேண்டாம், வேகத்துக்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

வீட்டில் யாரோ போட்ட துளை, வயர், ஒட்டு எதையும் கேட்காமல் கழற்றுவதில்லை. படம் எடுத்து, யார் போட்டது என்று கேட்டு, பெட்டியோடு ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறோம். கோப்புகளை ஒரு போனில் மட்டும் வைக்க விடுவதில்லை. இந்தக் குடும்பத்தின் மூன்று கோப்புகளும் அக்காவின் வீட்டில் ஒரு பென்டிரைவிலும், தங்கச்சியின் கணினியிலும் இருக்கின்றன, இரண்டாவது கோப்பு சித்தப்பாவிடமும் இருக்கிறது. மூல நாடாவும் அக்காவிடம்தான். அதை இனி ஓட்ட வேண்டாம், வருடத்தில் ஒருக்கால் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கோ என்று சொல்லிக் கொடுத்தோம்.